படிக்கடியில் ஒட்டிய மைக்

அந்த ஆட்டப் பாட்டுக்கு ‘நொண்டி’ என்று பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். பழுதான டிரம் மெஷினில் பிறந்தது என்றான் ஒருவன். குடிகாரன் நடை என்றான் இன்னொருவன். உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர்: கீழே ரெக்கார்டிங் கடை வைத்திருந்த தம்பியும், மாடி வீட்டில் அவனோடு இருந்த அக்காவும்.

சின்ன வயதில் ஒடிந்து கோணலாகக் கூடிய கால் அக்காவுக்கு. துணிக்கூடையோடு இரும்புப் படியேறினால் ஒரு கால் நேரத்துக்கு விழும், மற்றது சற்றுப் பிந்தும். சாதாரணத் தாளத்தில் அடிகளுக்கு நடுவே ஒரே இடைவெளிதான். உடம்பு அடுத்த அடிக்குத் தயாராக இருக்கும். ஒன்றுவிட்டு ஒரு அடி பிந்தினால், உடம்பு விழப்போய்ச் சட்டென்று தாங்கிக்கொள்ளும். அந்தத் தாங்கல்தான் ஆட்டமே.

தம்பி படிக்கடியில் மைக் ஒட்டி அந்தச் சத்தத்தைப் பிடித்து, பாட்டுக்குத் தாளமாக்கினான். வெட்டிய ஒலித்துண்டுக்கு அடையாளமாக ஏதாவது எழுதிவைப்பதும், டிஜேயிடம் கொடுக்குமுன் அழிப்பதும் அவன் வழக்கம். அன்று அவசரத்தில் அழிக்கவில்லை. டிஜேயின் பெரிய திரையில் ‘நொண்டி’ என்று அவன் எழுதிய வார்த்தை வந்தது. கூட்டம் அதையே கத்தியது.

இப்போது பஸ் ஸ்டாப்பில் பையன்கள் அக்காவுக்குப் பின்னால் நின்று ஆடிக்காட்டுகிறார்கள்.

“நீதானே எழுதுன?”

“அடையாளத்துக்குத்தான்க்கா. அழிக்க மறந்துட்டேன்.”

“படின்னு எழுதியிருக்கலாம். இரும்புன்னு எழுதியிருக்கலாம். உனக்கு அதுதான் தோணுச்சு, இல்லடா?”

அக்கா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“அந்தப் பேர மாத்து. அதுவரைக்கும் எங்கிட்ட பேசாத.”

அவன் டிஜேயிடம் ஓடினான்.

“மாப்ள, பேர மாத்திடுடா. உன் கால்ல விழுறேன்.”

“எங்க போய் மாத்துறது? பக்கத்து ஊர்ல நாலு பேரு புதுசா நொண்டின்னே பாட்டு போட்டிருக்கானுங்க. உன்னை யாருன்னே அவனுங்களுக்குத் தெரியாது. நம்ம கைய விட்டுப் போயிடுச்சுடா.”

திரும்பி வந்து கடையில் இடிந்துபோய் உட்கார்ந்தான். அக்கா துணி எடுத்துவரும் நேரம். படியில் சத்தமே இல்லை. வெளியே எட்டிப் பார்த்தான்.

மடியில் கூடையை வைத்துக்கொண்டு, கால் தட்டாமல், உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறங்கிக்கொண்டிருந்தாள் அக்கா. கூடையை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

“மைக் ஆன்ல இருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

அவன் குனிந்து பார்த்தான். ஒட்டிய மைக்கை அவன் இன்னும் எடுக்கவேயில்லை.