தனுஷ்கோடி மனைவி

இறந்த புருஷனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்காகப் பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டிருந்த அன்னத்தாய், பாதியில் கையை நிறுத்தினாள்.

“மணி என்னாச்சுட்டி?”

அப்பாவின் உயிர் பிரிந்த நேரத்தைத்தான் கேட்கிறாள் என்று ஜெயக்கொடி நினைத்தாள். “பத்து இருக்கும்மா.”

“அது இல்லட்டி. இப்ப என்ன மணி?”

ஜெயக்கொடி ஆணியில் தொங்கிய சங்கிலிக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தாள். அதற்கு இன்று காலை அப்பாதான் சாவி கொடுத்திருந்தார். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“பன்னெண்டே கால்.”

“பள்ளிக்கூடத்த எப்பப் பூட்டுவாக?”

“அஞ்சு மணிக்குன்னு அப்பா சொன்னாரு.”

அன்னத்தாய் மீதித் துணியையும் ஒரே இழுப்பில் கிழித்து, விரல்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டாள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். அப்போதுதான் ஜெயக்கொடிக்குப் புரிந்தது. அம்மா ஓட்டுப் போடப் போகிறாள்.

தனுஷ்கோடி முப்பது வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதியவர். ராஜபாளையத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பிப் போய், வாகை மரத்தடியில் பலகையைப் போட்டு உட்காருவார். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும், ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். சீக்கில் படுத்த இந்த மூன்று மாதமும் அது காதை விட்டு இறங்கவில்லை. இப்போதும் அங்கேதான் இருந்தது. காலையில் அதை எடுக்கப் போன சித்தப்பா வேலுசாமியின் கையை அன்னத்தாய் தட்டிவிட்டிருந்தாள்.

அவர் தலைமாட்டுச் சுவரில் இரண்டு படங்கள் ஒட்டியிருந்தன. இரண்டும் அவரே வரைந்தவை. முதல் படம் பதினேழு வருஷத்துக்கு முந்தியது. ராமநாதபுரம் ஜில்லா முழுவதும் அதில் ஒரே தொகுதி. மேற்கே மலை, கிழக்கே கடல்.

“என் பேரு வச்ச ஊரு அந்தக் கடல் முனையில கெடக்கு. நான் இந்த மலையடியில கெடக்கேன். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே தொகுதி. ஓட்டுக்கு நிக்கிற மனுசன் கறுப்பா செவப்பான்னு கண்டவன் கெடையாது” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இரண்டாவது படம் போன வருஷம் வரைந்தது. வெள்ளைக்கார சர்க்காரின் புதுச் சட்டம் வந்து, ஜில்லாவைத் துண்டு துண்டாக வெட்டி, தங்கள் தாலுகாவே ஒரு தொகுதியாகிவிட்டது. சிவப்புக் கோடு மலையில் தொடங்கி, தேவதானத்தையும் தளவாய்புரத்தையும் வளைத்துக்கொண்டு, கிருஷ்ணன்கோவிலைத் தாண்டிப் போய் மறுபடியும் மலையைத் தொட்டது. அந்தக் கோட்டை அவர் போட்ட அன்று வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னார்.

கோட்டோடு இன்னொன்றும் வந்தது. நிலத்துக்குக் கணிசமாகத் தீர்வை கட்டுகிற ஆண்களின் மனைவிமாருக்கும் இந்தத் தடவை ஓட்டு உண்டு. ஆனால் கணக்கெடுக்க வந்த ஆட்களிடம் தெருப் பெண்கள் பேரைச் சொல்லவில்லை. அந்நிய ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது? அவர்களும் ‘இன்னார் மனைவி’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். தனுஷ்கோடிக்குப் பொறுக்கவில்லை. மகளை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். அவர் தெருவில் நிற்பார். ஜெயக்கொடி உள்ளே போவாள். பெண்கள் அவள் காதில் பேரைச் சொல்ல, அவள் வெளியே வந்து சொல்ல, அவர் எழுதுவார். அப்படிப் பதினோரு பெண்கள். ஜெயக்கொடிக்கு மட்டும் ஓட்டு இல்லை. அவள் புருஷனுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது.

பட்டியல் அச்சாகி வந்தபோதுதான் தெரிந்தது. பதினோரு பேரும் பேரோடு இருந்தார்கள். பன்னிரண்டாவது பெண் மட்டும் ‘தனுஷ்கோடி மனைவி’ என்றே கிடந்தாள். ஊர் வாசலெல்லாம் ஏறியவர் தன் வீட்டு வாசலில் நின்று கேட்கவே இல்லை. திருத்தச் சொல்லி மனுப் போடும் தேதியும் முடிந்துபோயிருந்தது.

“ஊராம் பொண்டாட்டிக்கெல்லாம் பேரு வாங்கிக் குடுத்துட்டு ஒன்ன விட்டுட்டனேட்டி” என்று அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

“என் பேரு ஞாபகம் இருந்தாத்தான எழுதுவீரு. இருவத்தெட்டு வருசமா ஏட்டி, ஏட்டின்னுதான கூப்புடுதீரு” என்று சிரித்தாள் அன்னத்தாய். அவர் சிரிக்கவில்லை.

இப்போது அவள் வாசலுக்கு வந்தபோது, அழ வந்த பெண்கள் பந்தலுக்கடியில் கூடியிருந்தார்கள். அந்தப் பதினோரு பேரும் அதில் இருந்தார்கள். இழவு விழுந்த தெருவில், பிணம் எடுக்கும் வரை யாரும் எங்கும் போவதில்லை. ஆகவே அவர்களும் ஓட்டை மறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“எந்திரிங்க. போயிட்டு வந்து அழுவோம்” என்றாள் அன்னத்தாய்.

வேலுசாமி பாய்ந்து வந்தார். “மதினி! அண்ணன் கெடக்காரு, நீங்க பாட்டுக்குத் தெருவுல எறங்குனா ஊரு காறித் துப்பாதா?”

“துப்பட்டும் கொழுந்தனாரே. அழுக சாயங்காலமும் வரும். ஓட்டுப்பெட்டி அஞ்சு மணிக்கு மேல வராது.”

“தேவதானத்துச் சொந்தச் சனம் வந்துட்டா நான் என்ன சொல்ல?”

“மோரு குடுத்து உக்கார வையும். செத்த நேரத்துல வாரேன்.”

முதலில் எழுந்தது எதிர்வீட்டுச் சுடலைமாடத்தி. தடித்த உடம்பு, வெண்கலக் குரல். “ஏட்டி, என்ன பாக்கீக? அந்த மனுசன் நம்ம பேர எழுதத்தான வெயில்ல அலைஞ்சாரு. நடங்க” என்றாள். விரித்த தலைகளை அள்ளி முடிந்துகொண்டு பன்னிரண்டு பெண்களும் தெருவில் இறங்கினார்கள். ஜெயக்கொடி பட்டியலைக் கையில் பிடித்தபடி முன்னால் நடந்தாள். கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். யாரும் துப்பவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெண்கள் வரிசை காலியாகக் கிடந்தது. மேஜைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட அதிகாரி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துப் பெஞ்சில் ஒரு வேட்பாளரின் ஏஜெண்டு குருசாமி இருந்தார். தனுஷ்கோடிக்கும் அவருக்கும் ஆகாது. தனுஷ்கோடி எழுதின மனு ஒன்றினால் குருசாமி வளைத்துப்போட்ட புறம்போக்கு நிலம் கைவிட்டுப் போயிருந்தது.

ஜெயக்கொடி அம்மாவின் வரிசை எண்ணைக் காட்ட, அதிகாரி தன் பட்டியலில் விரலை ஓட்டினார். “இங்க பேரு இல்லையேம்மா. இன்னார் மனைவின்னுதான் இருக்கு.”

குருசாமி எழுந்துவிட்டார். “சார், அந்த இன்னாரு காலைல செத்துட்டாரு. அவரு கட்டுற தீர்வையாலதான இந்தம்மாவுக்கு ஓட்டு? ஆளே போன பொறவு மனைவி ஏது, ஓட்டு ஏது? அனுப்பி விடுங்க.”

ஆண்கள் வரிசை திரும்பிப் பார்த்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பட்டியல் அச்சான அன்னைக்கு உயிரோட இருந்தாரா?”

“இருந்தாரு” என்று முனகினார் குருசாமி.

“அப்ப பட்டியல்ல உள்ளவங்களுக்கு ஓட்டு உண்டு. உக்காருங்க.” அவர் அன்னத்தாயின் பக்கம் திரும்பினார். “ஆனா நீங்க யாரு மனைவின்னு நான் தெரிஞ்சுக்கணும். சொல்லுங்க.”

“எங்கப்பா பேரு...” என்று ஜெயக்கொடி ஆரம்பித்தாள்.

“நீ சொல்லக் கூடாதும்மா. அவங்க வாயால சொல்லணும்.”

குருசாமி பெஞ்சில் சாய்ந்து சிரித்தார். அவருக்குத் தெரியும். அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் புருஷன் பேரைச் சொன்னதில்லை. சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பார்கள். ராமேஸ்வரத்துக்குப் போய் வந்தபோதுகூட அன்னத்தாய் அந்தக் கடல்முனையை ‘அவிய பேரு வச்ச எடம்’ என்றுதான் சொன்னாள். ரயில் பெட்டியே சிரித்தது.

அன்னத்தாயின் உதடு அசைந்து நின்றது. தாலிச்சரட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. இன்னும் அது கழுத்தில்தான் இருந்தது.

“தனுஷ்கோடி” என்றாள்.

உடைந்தாற்போல் வந்தது குரல். அவளுக்கே திருப்தி இல்லை போலிருக்கிறது. தலையை நிமிர்த்தி, குருசாமியைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூட ஓடு அதிர இன்னொரு முறை சொன்னாள்.

“தனுஷ்கோடி! மனு எழுதுற தனுஷ்கோடி பொண்டாட்டி நான். எம்பேரு அன்னத்தாய்.”

அதிகாரி ஓட்டுச் சீட்டைக் கிழித்து இரண்டு கையாலும் நீட்டினார். அவள் திரைக்குப் பின்னால் போனாள். பெட்டிக்குள் காகிதம் விழுந்த சத்தம் கேட்டதாக ஜெயக்கொடி பிற்பாடு வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்து சுடலைமாடத்தி. அதிகாரி, “பேரு?” என்றார்.

“சுடலைமாடத்தி. வீட்டுக்காரரு பேரு பால்ச்சாமி!”

“நான் அதக் கேக்கலையேம்மா. உங்க பேருதான் இருக்கே.”

“கேக்காட்டா என்னய்யா, இருக்கட்டும்!”

ஆண்கள் வரிசையில் நின்ற பால்ச்சாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வரிசையே சிரித்தது. அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொருத்தியும் தன் பேரையும் புருஷன் பேரையும் சேர்த்துச் சொல்லிச் சீட்டு வாங்கினாள். ஒருத்தி மாமனார் பேரையும் சொன்னாள். குருசாமி வெற்றிலைச் செல்லத்தைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.

“எத்தன விழுந்துச்சுட்டி?” என்று திரும்பும் வழியில் அன்னத்தாய் கேட்டாள்.

“பன்னெண்டும்மா. பன்னெண்டுக்குப் பன்னெண்டு.”

அம்மாவின் நடை வேகமானது. பெண்கள் கூடவே ஓடினார்கள். இழவு வீட்டுக்குப் போகிறவர்கள் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தேவதானத்துச் சனம் வந்து மோர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. வேலுசாமி அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

அன்னத்தாய் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் காதிலிருந்து பென்சிலை உருவினாள்.

“அந்தப் பட்டியல விரி. அவிய விட்ட எடத்துல எழுது.”

ஜெயக்கொடி ‘தனுஷ்கோடி மனைவி’ என்ற அச்செழுத்துக்குப் பக்கத்தில், சிவப்பு முனையால், பெரிய எழுத்தில் ‘அன்னத்தாய்’ என்று எழுதினாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வாங்கி, எழுத்தின்மேல் விரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்.

வெளியே சுடலைமாடத்தியின் குரல் ஒப்பாரியைத் தொடங்கியது. அன்னத்தாய் பென்சிலைப் பழையபடி அவர் காதில் செருகினாள். நீல முனை முன்னால் வந்துவிட்டது. எடுத்துத் திருப்பி, அவர் எப்போதும் வைப்பதுபோல, சிவப்பு முன்னால் தெரிய வைத்தாள்.