ஓடெல் சொன்னது

பித்தளைப் பலகையில் எட்டுப் பெயர்கள். வெர்லீனின் பெயர் ஆறாவது. அவள் அண்ணன் ஓடெலின் பெயர் அதில் இல்லை.

விழாக் குழுத் தலைவி டெனீஸ் காரணத்தைப் போன மாதமே சொல்லிவிட்டாள். அறுபது வருஷத்துக்கு முன்னால், தென் கரோலினாவின் அந்தச் சின்ன ஊரில், மருந்துக்கடைக்குள் இருந்த சாப்பாட்டு மேடையில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த முக்காலிகளில் உட்கார்ந்து கைதான கறுப்பர்கள் எட்டுப் பேர். போலீஸ் பதிவேடுதான் ஆதாரம். ஓடெல் என்ன செய்தார், என்ன சொன்னார் என்று விழாவில் நீங்களே சொல்லிப் பதிவானால், பலகையின் அடியில் அவருக்கும் ஒரு வரி சேர்க்கலாம் என்றாள்.

அதில்தான் சிக்கல்.

கைதாவதற்கு முந்தைய வாரம் சர்ச்சின் கீழ்த்தளத்தில் பயிற்சி நடந்தது. எட்டுப் பேரும் மடக்கு நாற்காலிகளில் அசையாமல் உட்கார வேண்டும். ஒருவர் வெள்ளைக்காரனாக நடித்து அவர்களை வைய வேண்டும், தள்ள வேண்டும். யாருக்கும் வாய் வரவில்லை. முன்கோபி என்று ஓடெலை மறியலில் சேர்க்காததால் அந்த வேலை அவன் தலையில் விழுந்தது. தங்கையின் முடியில் தக்காளி சாஸை ஊற்றினான். சிகரெட் புகையை முகத்தில் விட்டான். அவள் அசையவில்லை. பிறகு குனிந்து, காதருகே, செத்துப்போன அம்மாவைப் பற்றி ஒன்று சொன்னான். வெர்லீன் எழுந்து அவனை அறைந்தாள்.

"உக்காரு," என்றான் ஓடெல். "அங்க இதவிட மோசமாப் பேசுவாங்க."

பேசினார்கள்தான், நான்கு மணி நேரம். ஆனால் அவளுக்கு எங்கே வலிக்கும் என்று அவர்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பயிற்சிக்குப் பிறகு ஓடெல் அவளோடு ஒரே மேசையில் சாப்பிட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் வருவான், தட்டை எடுத்துக்கொண்டு பின்படிக்குப் போய்விடுவான். மூன்று வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோது, மூக்கில் குழாயோடு, ஒன்றே ஒன்று கேட்டான். அன்று அவன் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லக் கூடாது. சத்தியம் செய்து கொடுத்தாள்.

மருந்துக்கடை இப்போது அருங்காட்சியகம்; விழாவும் அங்கேதான். எட்டுப் பேரில் மிச்சமிருக்கும் இன்னொருவரான கிளியான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் காபி வைத்தார்கள்.

"அன்னிக்குக் காச நீட்டியும் குடுக்கல," என்று முணுமுணுத்தார் கிளியான். "இன்னிக்குச் சும்மா குடுக்கிறாங்க, டாக்டர் கூடாதுங்கிறான்."

வெர்லீனை மைக்குக்கு அழைத்தார்கள். கீழ்த்தளத்தைப் பற்றிச் சொன்னாள், சாஸைப் பற்றி, புகையைப் பற்றி. அண்ணன் பழக்கியிராவிட்டால் ஐந்தாவது நிமிஷமே எழுந்து ஓடியிருப்பேன் என்றாள்.

"அப்படி என்ன சொன்னார், சிஸ்டர் வெர்லீன்?" டெனீஸ் மெதுவாகக் கேட்டாள். "பிள்ளைங்களும் தெரிஞ்சுக்கட்டுமே."

முன்வரிசையில் கைபேசிகள் உயர்ந்தன. அண்ணன் சொன்னது வாய் வரை வந்தது.

"சொல்ல மாட்டேம்மா," என்றாள் வெர்லீன். "அதச் சொல்லிட்டு அவனால ஒரு வேளை எங்கூட உக்காந்து சாப்பிட முடியல. நீங்க அதுக்குக் கை தட்டுவீங்க."

டெனீஸ் மைக்கை வாங்கிக்கொண்டாள். பிறகு பலகையின் திரையை விலக்கிப் பெயர்களை வாசித்தாள். எட்டோடு முடிந்தது.

வெர்லீன் தன் இடத்துக்குத் திரும்பினாள். கிளியான் அவள் பக்கம் சாய்ந்தார்.

"அன்னிக்குக் கீழ்த்தளத்துல என் காதுலயும் ஒண்ணு சொன்னான் ஓடெல். என் பொண்டாட்டிகிட்டகூட நான் சொன்னதில்ல."

"சொல்லாத, கிளியான்," என்றாள் வெர்லீன்.