சேற்று வாய்க்குக் கான்கிரீட் மூடி

மெத்தப் படித்த மூஞ்சூறு கழுநீர்ப் பானையில் விழும் என்பார்கள். எங்கள் ஊருக்கு வந்த மூஞ்சூறு தான் விழவில்லை. அடுத்தவர் வீட்டைத் தள்ளிவிட்டது.

டிரினிடாட்டின் தெற்கே, எங்கள் கிரிக்கெட் மைதானத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு. பூமிக்குள்ளிருந்து வரும் வாயு அங்கே சேற்றைக் கொப்பளித்துத் துப்பும். கோடையில் அதன் வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். மேட்டை ஒட்டிய வீட்டில் இருக்கும் துலாரி, ஊருக்கெல்லாம் 'டான்ட்டி', அதாவது அத்தை, மூங்கில் கழியால் குத்தித் திறந்துவிடுவார். நாற்பது வருஷமாக அது அவர் வேலை.

கவுன்சிலர் பூதூசிங்குக்கு அங்கே கார் நிறுத்தக் கான்கிரீட் தளம் வேண்டுமாம். லெக்கே என்ற பொறியாளனைத் தலைநகரிலிருந்து கூட்டிவந்தான்.

"அதோட வாய அடைச்சா வாயு எங்க வீட்டுப் பக்கம் வரும், தம்பி," என்றார் துலாரி.

"தண்ணி ஊறுன களிமண்ணுல வாயு நுழையாது, டான்ட்டி. பாட்டிலுக்குக் கார்க் போட்ட மாதிரி. நீங்க போய் ரொட்டியச் சுடுங்க," என்றான் லெக்கே.

"நுழையாதுதான். அதுக்குப் பலம் சேருற வரைக்கும்."

லெக்கே சிரித்தான். பூதூசிங்கும் சிரித்தான். வெட்கம் கெட்ட நானும் சிரித்தேன். கவுன்சில் குமாஸ்தா வேறென்ன செய்வான்? 'இவ்விடம் முற்றிலும் பாதுகாப்பானது' என்ற சான்றிதழைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.

கான்கிரீட் விழுந்தது, கொப்பளிப்பு நின்றது. ரிப்பன் வெட்டி, ரம் குடித்து, கைதட்டினோம். களிமண்ணின் நுண்துளைகளில் இருந்த தண்ணீர் வாயுவுக்கு வழிவிடவில்லை. லெக்கே படித்தது அதுவரைதான். அடியில் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. ஏழாவது வாரம் வாயு களிமண்ணையே கிழித்து வழி உண்டாக்கி, துலாரியின் சமையலறைத் தரையைப் பிளந்தது. முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்ததால் அவர் பிழைத்தார். சாயங்காலத்துக்குள் ஜன்னல் உயரத்துக்குச் சேறு.

மறுநாள் அவர் மிஞ்சிய கட்டிலை இழுத்துவந்து கான்கிரீட் தளத்தின் நடுவில் போட்டார். பூதூசிங் போலீசோடும் லெக்கேயோடும் வந்தான். நானும் பின்னால் போனேன்.

"இங்க இருக்கக் கூடாது, டான்ட்டி. ஆபத்து. அடியில வாயு கெடக்கு," என்றான் பூதூசிங்.

"அப்படியா? அத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. இப்பவே போயிடறேன்."

பூதூசிங் லெக்கேயைப் பார்த்தான். லெக்கே தன் ஷூவைப் பார்த்தான். எழுதினால், வீடு போனதற்கு இருவரும் பதில் சொல்லியாக வேண்டுமே.

துலாரி என் பக்கம் திரும்பினார். "நீயாவது தட்டிக் குடுக்கிறியா, தம்பி?"

நான் போலீசின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். இடம் பாதுகாப்பானது என்று சான்றிதழ் இருக்க, எழுத்தில் வேறு உத்தரவு இல்லாமல் அவரைக் கிளப்ப முடியாதென்று போலீஸ் திரும்பிப் போனது.

மூன்று மாதமாயிற்று. எங்கள் மூவருக்கும் வேலை பத்திரமாக இருக்கிறது. துலாரி இன்னும் அந்த வாயுவின் தலைமேல்தான் படுத்துத் தூங்குகிறார்.