கோழிக் கொட்டகை மெட்டில் ஒரு ஞானப்பாட்டு

அண்ணா, க்ரீட் மாமா போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு நீ விழுந்து விழுந்து சிரித்தாயாம். அவர் வாயால் கேட்டால் எல்லாமே சிரிப்பாகத்தான் இருக்கும். நடந்தது அப்படி இல்லை. டெக்சாஸில் இருக்கிற உனக்கு எதுவும் தெரியவில்லை. ஒஹாயோவிலிருந்து வாராவாரம் நாலரை மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு ஊருக்கு வருகிற எனக்கே பாதிதான் தெரியும். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜூலையில் அப்பா ஓடையில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்தாரே, அந்தப் படத்தை உனக்கு அனுப்பினேன். அம்மா அதற்காக முப்பத்தோரு வருஷம் காத்திருந்தாள். அப்பாவின் நெஞ்சுப் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் மாட்டி, சுரங்கத் தூசி எங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டிய அன்று, அம்மா காரில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"எஸ்டில், ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் போகணும். அங்க போயும் உன்ன எங்க எங்கன்னு தேடிக்கிட்டு இருக்க என்னால ஆகாது."

அப்பா சரி என்றார். சரி என்றால் பிடிலையும் விட வேண்டும். சபையில் அது எங்கும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். நம் சபையில் வாத்தியமே கிடையாது, தொண்டை மட்டும்தான். சனிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் ஆடுகிறவர்களுக்கு வாசித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பிரதர்களுக்குக் கை கொடுக்க முடியாது. அப்பா பிடிலை ஒரு போர்வையில் சுற்றி க்ரீட் மாமா வீட்டில் வைத்துவிட்டு வந்தார். நாற்பது வருஷம் அவர் பிடிலும் மாமா பாஞ்சோவும் ஒன்றாகத்தான் கேட்டிருக்கிறோம்.

அதற்கப்புறம் அப்பா உட்காரவே இல்லை. நிஜமாகவே சொல்கிறேன். சாப்பிட உட்கார்ந்தால் பீன்ஸ் சூப்பில் சோளரொட்டியைப் பிட்டுப் போட்டுவிட்டு, இரண்டு வாய் தின்றதும் எழுந்து ஜன்னலுக்குப் போவார். நல்ல வேலியைப் பிரித்து மறுபடி கட்டினார். இரைப்பு வாங்க வாங்க மேட்டில் ஏறி, எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் இறங்கி வந்தார். இடது கை விரல்கள் மேஜை விளிம்பில் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா பார்த்தால் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

க்ரீட் மாமா வந்தால் இன்னும் மோசம்.

"என்ன பிரதர் எஸ்டில், மோட்சத்துல சீட்டு போட்டாச்சா? ஜன்னலோர சீட்டா?"

"வாய மூடுறா."

"பள்ளிக்கூட ஹால்ல உன் இடத்துல இப்ப ஒரு பல் டாக்டர் வாசிக்கிறான். தாள்ல பாத்து வாசிக்கிறான்டா. பல்லு பிடுங்குற மாதிரியே இருக்கு. ஜனங்க ஆடுறாங்களா, வலி தாங்காம துள்ளுறாங்களான்னே தெரியல."

அப்பா சிரிக்கவில்லை. "எந்தக் கட்டையில வாசிக்கிறான்?" என்று கேட்டார். உடனே அம்மா அடுப்படியிலிருந்து, "க்ரீட், காப்பி குடிச்சாச்சுன்னா கெளம்பு" என்றாள்.

இதுவரை நீ யூகித்திருப்பாய். இனி வருவது என் பங்கு. இது என் தப்பு என்று நான் நினைப்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

அக்டோபர் முதல் ஞாயிறு. என் வண்டியில் மூன்று பேரும் சபைக்குப் போகிறோம். என் போன் தானாகவே வண்டியோடு சேர்ந்துகொண்டு, கடைசியாகக் கேட்டதைப் பாடத் தொடங்கிவிட்டது. போன கிறிஸ்துமஸில் நம் வீட்டில் நான் பதிவு செய்தது. அப்பா பிடில், மாமா பாஞ்சோ, கோழிக் கொட்டகைப் பாட்டு. அதுதான், அடுத்தவன் பெண்டாட்டியைப் பார்க்கப் போன ரூஃபஸ், புருஷன் வந்ததும் கோழிக் கொட்டகையில் ஒளிந்துகொள்கிற பாட்டு. வெறும் நான்கு வரி ஓடியிருக்கும். பதறிப்போய் அணைத்தேன். அம்மா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் அப்பா குதிகாலால் தட்டிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் கேட்டது.

அன்றைக்குப் பார்த்து, எப்போதும் பாட்டு எடுக்கும் பிரதர் வெண்டலுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பிரதர் ஆர்லிஸ் மேடையிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டார். "எஸ்டில், ஒரு பாட்டு எடுப்பா." சேர்ந்து மூன்று மாதம் ஆனவருக்கு அது பெரிய மரியாதை. பெண்கள் பக்கத்தில் அம்மா கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

நம் பாட்டுப் புத்தகம் உனக்கு ஞாபகம் இருக்கும். வார்த்தைதான் இருக்கும், மெட்டு இருக்காது. பாட்டு எடுக்கிறவர் வரியின் நீளம் பார்த்து, அதற்குப் பொருந்துகிற ஒரு மெட்டைத் தன் தலைக்குள்ளிருந்து எடுக்க வேண்டும். அவர் ஒரு வரியை வேகமாகச் சொல்வார். சபை முழுவதும் அதே வரியை இழுத்து இழுத்துப் பாடும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "வழி தெரியாத மலைமேலே" என்று எடுத்தார்.

முதல் வரி போனபோது எனக்குப் புரியவில்லை. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு துக்கமாக இருந்தது. இரண்டாவது வரியில் புரிந்துவிட்டது. கோழிக் கொட்டகை. அச்சு அசலாக. நாற்பது பேர் வாய் திறந்து, கண்ணீர் வழிய, ரூஃபஸ் ஒளிந்த மெட்டில் ஆண்டவரைக் கூப்பிடுகிறார்கள். ஆண்கள் பக்கம் ஜூனியர் ஸ்லோன் இருமுகிற மாதிரி கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பிரதர் வெர்னனின் காது சிவந்தது. நிறுத்த ஒருவராலும் முடியவில்லை. எடுத்த பாட்டை நம் சபையில் யார் நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள்? ஆறு சரணம், அண்ணா. ஆறும் பாடி முடித்தார். இதை மட்டும் சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டடத்தில் அதைவிட நல்ல பாட்டை நான் கேட்டதே இல்லை. சிஸ்டர் ஓவா எழுந்து நின்று கையை உயர்த்தி அழுதாள்.

க்ரீட் மாமா உன்னிடம் சொன்னது இவ்வளவுதான். "மெதுவா பாடினா எல்லாமே பக்திப் பாட்டுதான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அந்த வாரமே பிரதர் வெர்னன் புகார் கொடுத்தார். அப்பா ஆண்டவர் வீட்டுக்குள் ஆட்டப் பாட்டைக் கொண்டு வந்தார் என்று. மாதக் கூட்டத்தில் விசாரிப்பார்கள், சபைப் புத்தகத்திலிருந்து அவர் பேரை எடுத்தாலும் எடுப்பார்கள். ஒஹாயோவில் கிடங்கில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்த எனக்கு நான்கு வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த போனை நான்தான் வண்டியில் கொண்டு போனேன். சனிக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டேன்.

கூட்டத்துக்குப் போகும்போது அம்மா வண்டியிலேயே ஒத்திகை பார்த்தாள்.

"என்ன சொல்லுவ?"

"தவறி வந்துருச்சு, மன்னிச்சிருங்கன்னு."

"அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது. நீ பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்ட."

"நான் எப்ப பேசினேன்?"

"இப்ப பேசுறியே, இதுதான்."

சபை உறுப்பினராக இல்லாததால் நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். எனக்கு அங்கே வாய் திறக்க உரிமை இல்லை. பிரதர் ஆர்லிஸ் நல்ல மனிதர். அப்பா தப்பித்துக்கொள்ள ஒரு கதவைத் திறந்தே வைத்துத்தான் கேட்டார்.

"எஸ்டில், நமக்கெல்லாம் தலைக்குள்ள நூறு மெட்டு கெடக்கு. ஒண்ணு எடுக்கப் போயி இன்னொண்ணு வந்துரும். எனக்கே வந்திருக்கு. அப்படித்தான?"

அப்பா எழுந்தார். முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். சொல்லுங்கப்பா, சொல்லிவிட்டு உட்காருங்கள் என்று மனசுக்குள் கத்தினேன்.

"முதல் வரி தவறித்தான் வந்துச்சு, பிரதர்" என்றார். "ரெண்டாவது வரி எடுக்கும்போது எனக்குத் தெரியும். வேற மெட்டுக்கு மாத்தியிருக்கலாம். மாத்தல."

"ஏம்ப்பா?"

"ஜூலையிலேருந்து இந்த உடம்பு ஒரு எடத்துல நிக்கல. படுத்தாலும் நடக்குது. அந்த ஆறு சரணத்துல நின்னுச்சு."

பிரதர் வெர்னன்கூடத் தரையைத்தான் பார்த்தார்.

"அப்ப உனக்குப் பிடில் வேணும்?"

"வேணும்."

"சபை?"

"அதுவும் வேணும். ரொம்ப வேணும்."

"ரெண்டும் சேந்து இல்லையே, எஸ்டில்."

"தெரியும். இந்த வீட்டுக்குள்ள நின்னு பொய் சொல்ல எனக்கு வாய் வரல. நீங்களா எடுக்க வேண்டாம். நானே கேக்குறேன். என் பேர எடுத்துருங்க."

அப்போதுதான் அம்மா எழுந்தாள். அவள் எழுந்த விதத்தைப் பார்த்து, அப்பாவை அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

"நானும் ஒண்ணு சொல்லணும், பிரதர் ஆர்லிஸ்."

"டெல்ஃபியா, உன்ன யாரும் எதுவும் கேக்கலம்மா."

"கேக்க மாட்டீங்கன்னு தெரியும், அதான் எந்திரிச்சேன். முதல் வரியிலயே அது என்ன மெட்டுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஆறு சரணமும் பாடினேன். சத்தமாத்தான் பாடினேன்."

சிஸ்டர் ஓவா பக்கத்திலிருந்து, "எனக்குந்தான் தெரியும்" என்று முனகினாள். "இங்க யாருக்குத்தான் தெரியாது? நீங்க எல்லாருமே அந்த ஹால்ல ஆடினவங்கதான? வெர்னன், நீ ஆடினத நானே பாத்திருக்கேன், நல்லாவும் ஆட மாட்ட."

சிரிப்பு எழுந்தது, அழுகையும் எழுந்தது. ஆனால் சிரிப்பால் எதுவும் மாறவில்லை. அப்பா உட்காரவில்லை. பிரதர் ஆர்லிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சபைப் புத்தகத்தில் அப்பா பேரின் மேல் கோடு போட்டார். போட்டுவிட்டுப் பாட்டு எடுத்தார். பாடிக்கொண்டே ஒவ்வொருவராக வந்து அப்பாவுக்குக் கை கொடுத்தார்கள், கட்டிப்பிடித்தார்கள். பிரதர் வெர்னன் அழுதார். வரிசையில் அம்மாதான் கடைசி. அவள் கை கொடுக்கவில்லை.

"நான் வீட்ல வச்சுக் குடுக்கிறேன். நவுரு, வழிய விடு" என்றாள்.

வெளியே வண்டிகளுக்கு நடுவில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். போன், பதிவு, நான்கு வரி, எல்லாம். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

"அந்தப் பாட்டு என் மண்டையில ஓடுறதுக்கு உன் போன் எதுக்கு, ரெட்டா?" என்றார். "ஜூலையிலேருந்து அதுதான் ஓடுது. கோழிங்க ஒரு நாள்கூடத் தூங்கல."

அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். முழுதாக வரவில்லை.

அம்மா அப்பாவோடு ஒன்பது நாள் பேசவில்லை. சாப்பாடு வைத்தாள், மருந்து எடுத்துக் கொடுத்தாள், பேசவில்லை. தினமும் அவருக்காக முழங்கால் போட்டாள். பத்தாவது நாள், "ரெண்டாஞ் சரணத்துல சுருதி எறங்கிட்ட" என்றாளாம். அப்பா அதை எனக்குப் போனில் சொன்னபோது, யாரோ அவருக்குப் பரிசு கொடுத்த மாதிரி இருந்தது குரல்.

நவம்பர் மூன்றாம் ஞாயிறு சபைக்கு மூவருமாகத்தான் போனோம். அம்மா உள்ளே போனாள். அப்பா வரவில்லை. உள்ளே வராத ஆண்கள் எப்போதும் நிற்கிற இடத்தில், பக்கச் சுவர் ஓரமாக, கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றார். அம்மா இருபத்தைந்து வருஷமாக உட்கார்ந்த தன் பெஞ்சுக்குப் போகவில்லை. அவர் நின்ற ஜன்னலை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடிக் கதவை ஒரு சாண் மேலே தள்ளினாள். வெளியே உறைபனி.

"டெல்ஃபியா, பல்லு கிட்டிக்குது. அதச் சாத்தித் தொலை" என்றாள் சிஸ்டர் ஓவா.

"எனக்குப் புழுங்குது" என்றாள் அம்மா.

பாட்டு எடுத்தார்கள். மூன்று மணிக்கு நான் ஒஹாயோவுக்குக் கிளம்பியாக வேண்டும். என் கை விறைத்துப்போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியிலிருந்து இரைப்போடு ஒரு குரல் எங்களோடு சேர்ந்துகொண்டது. பிரதர் ஆர்லிஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அடுத்த வரியைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.