இடப்பக்கமாய்ச் சுற்றிய குட்டி

தேயிலை விலை விழுந்து எஸ்டேட் ஃபேக்டரியைப் பூட்டிய இரண்டாம் வருஷம், தெய்வம்மாவின் மூன்றாவது ஆட்டுக்குட்டியும் இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. பட்டப்பகல் மூடுபனியில், ஃபேக்டரி வாசலில், தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே அளவு வட்டம். உள்ளே இலை உருட்டும் ரோலர் மிஷின் அப்படித்தான் சுற்றும். அதில் இருபது வருஷம் நின்றவர் காத்தமுத்து, தெய்வம்மாவின் புருஷன். ஃபேக்டரி பூட்டிய மாதமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனார்.

லயத்து வரிசை வீட்டு வாய்களுக்கு வேறென்ன வேலை? "காத்தமுத்து வேலைக்கு வந்துட்டாரு" என்று முதலில் சொன்னது பக்கத்து வீட்டுப் பாலாமணிதான். தான் சொல்லவில்லை என்று அவள் சாமிமேல் சத்தியம் செய்ததிலிருந்தே அது உறுதியாயிற்று.

தெய்வம்மா மறுக்கவில்லை. மறுக்க மனசு வரவில்லை. குட்டி சுற்றச் சுற்ற, பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி அதனிடம் வீட்டுக்கதை பேசிக்கொண்டிருப்பாள். பத்தாம் நாள் அது விழுந்து செத்தது. பேய் புகுந்த கறியை யார் தின்பார்கள்? முந்தைய இரண்டின் தலைகளைப் போலவே இதன் தலையையும் வெட்டிக் காத்தமுத்து வளர்த்த நாய்க்குப் போடப் போனாள். அவருக்குப் போய்ச் சேரட்டும் என்று ஒரு எண்ணம்.

அரவேணுவிலிருந்து தடுப்பூசி போட வந்த கால்நடை டாக்டர் கோகிலவாணி அதைப் பார்த்துத் தலையைப் பிடுங்கிக்கொண்டாள். மண்டையைப் பிளந்து காட்டினாள். மூளைக்குள் கோழிமுட்டை அளவு நீர்ப்பை. அதில் அரிசிக்குருணை போல வெள்ளைப் புள்ளிகள். எல்லாம் நாடாப்புழுக் குஞ்சுகளாம். தலையைத் தின்ற நாயின் குடலில் அவை வளர்ந்து, முட்டை புல்லில் விழுந்து, மேயும் குட்டிக்குள் மறுபடி போகுமாம்.

தெய்வம்மாவுக்குப் புருஷனை அவ்வளவு சுலபமாக விட மனசில்லை. தாய் ஆடும் அதே புல்லைத்தானே தின்கிறது, அதை மட்டும் ஏன் அவர் தொடவில்லை என்று கேட்டாள்.

"அது சின்னதுல ஒருக்கா தப்பிச்சிருக்குமுங்கம்மா. அப்ப வந்த புழு உள்ளயே சுண்ணாம்புக் கூடா உறைஞ்சு கெடக்கும். புதுசா ஒண்ணு வந்தா ஒடம்பு குடல்லயே அடிச்சுப்போடும். அந்தச் சக்தி சீம்பால்ல குட்டிக்கும் கொஞ்ச மாசம் வரும். குடிக்க விட்டீங்களா?"

விடவில்லை. இலங்கையில், கண்டிச்சீமையில் இருந்த காலந்தொட்டு, ஆடு ஈன்றால் சீம்பாலைக் காய்ச்சி லயத்துக்கே வீட்டுக்கு ஒரு கரண்டி கொடுப்பது அவள் வழக்கம். கொடுக்காவிட்டால் கண் பட்டு மடி வற்றிவிடும் என்ற பயம். குட்டிக்கு வேறு ஆட்டுப் பால்தான்.

"அப்ப அவரு வரவே இல்லீங்களா?" என்றாள் தெய்வம்மா.

யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று டாக்டருக்குப் புரியவில்லை. நாய்க்குப் பூச்சி மருந்து கொடுத்து, தலையை எரிக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

கார்த்திகையில் ஆடு மறுபடி ஈன்றது. ஈரம் காயும் முன்னே பாலாமணி டம்ளரோடு வந்து நின்றாள்.

"குட்டி குடிக்குது. இந்தத் தடவை யாருக்கும் இல்ல."

"ஏனக்கா, ஒரு கரண்டிக்கா?"

தெய்வம்மா பட்டிப் படலைச் சாத்தினாள். அன்றிலிருந்து பாலாமணி மற்ற எல்லாரிடமும் பேசினாள், அவளைப் பற்றி.

ஆறு மாதம் போயிற்று. குட்டி கொழுத்து, நேராக நடந்து, நேராக மேய்ந்தது. ஒருநாள் பனி இறங்கிய மத்தியானம், அதன் பின்னாலேயே நடந்த தெய்வம்மா, ஒரு தரம், ஒரே ஒரு தரம் இடப்பக்கம் திரும்பாதா என்று பார்த்துவிட்டாள். பார்த்த மறுகணமே பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.