மாமியார் முற்றத்து எல்லைக்கல்

எல்லைக்கல் தேடும் வேலைக்கு ஹாரா குலத்துக்காரர் மூவரை ஒன்றாக அனுப்பிவைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். மலாவி சார்பில் வந்த எங்கள் அணியில் அதிகாரி ஹாரா, ஓட்டுநர் ஹாரா, படம் எடுக்கிற நானும் ஹாரா. வெள்ளைக்காரன் நட்டுவைத்துப் போன தூண்களைப் புதரிலும் புற்றிலும் தேடித் தோண்டி, கழுவி, படம் பிடித்துக்கொண்டு வந்தோம். ஜாம்பியா சார்பில் லுசுங்கு என்ற பெண் அதே தூண்களைத் தன் கேமராவில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஒரு தூண் மட்டும் ஆட்டம் காட்டியது. மேட்டுப் புல்லையெல்லாம் வெட்டிச் சாய்த்தோம். வரைபடத்தில் புள்ளி இருந்த இடத்துக்கு மட்டும் மூவரில் ஒருவரும் போகவில்லை. அது என் மாமியார் நியாசிங்கினியின் முற்றம்.

லுசுங்குதான் பொறுமை இழந்து உள்ளே போனாள். போன வேகத்தில் சத்தம் வந்தது.

“கல்லு இங்கதான்யா இருக்கு! அம்மா அது மேலதான் உக்காந்து கடலை உரிக்கிறாங்க!”

நாங்கள் மூவரும் வேலிக்கு வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் தும்புகா ஜனத்தில் மருமகன் மாமியார் முகத்தைப் பார்க்கக் கூடாது. வழியில் எதிர்ப்பட்டால் நான் புல்லுக்குள் இறங்கிவிடுவேன், அவள் துணியால் முகத்தை மூடித் திரும்பிக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் முதுகு எனக்கு நல்ல பழக்கம். ஒரு ஹாராவுக்கு மாமியார் என்றால் எல்லா ஹாராவுக்கும் மாமியார். ஆள் எடுத்தபோது அந்தப் புண்ணியவான் இதை யோசித்திருக்கலாம்.

லுசுங்கு தன் படத்தை எடுத்துவிட்டாள். மலாவிக்கான படத்தை மலாவிக்காரன்தான் எடுக்க வேண்டும். நிலத்துக்கு உரியவர் கல்மேல் கை வைத்து, முகம் தெரிய உட்கார வேண்டும். இரு நாட்டுப் படங்களில் ஒன்று குறைந்தாலும் அந்தத் தூணைத் தள்ளிவிட்டு, முந்தின தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நேர்கோடு இழுத்துவிடுவார்கள். இழுத்தால் மாமியார் வீடும், வீட்டுக்குப் பின்னால் மாமனாரைப் புதைத்த இடமும் ஜாம்பியாவுக்குப் போய்விடும். விடிந்தால் எங்கள் கூடாரம் கிளம்புகிறது.

“கேமரா வழியாப் பாக்கறது பாக்கறதுல சேருமா?” என்றார் அதிகாரி.

“கண்ணாடி போட்டுப் பாத்தாலும் பாக்கறதுதானே சார்?” என்றான் ஓட்டுநர்.

“நீ வண்டியப் போய்ப் பாரு.”

லுசுங்குவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “என்ன அண்ணே, நேத்து சிறுத்தை கிடந்த புதருக்குள்ள குதிச்சீங்க. மாமியாருக்கு இந்தப் பயமா?”

“சிறுத்தை கடிச்சா உசுருதான் போகும். போய் வேலையைப் பாரு தாயே” என்றேன்.

முற்றத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. “மகளே, மருமகன்கிட்ட கேளு. படம் எடுக்கலேன்னா என் வீட்டுக்காரர் எந்தப் பக்கம் போவாரு?”

லுசுங்கு என்னிடம் கேட்டாள். நான் லுசுங்குவிடம் சொன்னேன். லுசுங்கு அவளிடம் சொன்னாள். நடுவில் பத்தடி தூரம்கூட இல்லை, எல்லாம் எல்லோருக்கும் கேட்டது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

“ஜாம்பியாவுக்கா? உசுரோட இருந்தப்ப அந்தப் பக்கத்து லுண்டாசி சந்தைக்குக் கூப்பிட்டாலே வரமாட்டாரு அந்த மனுஷன். செத்தப்புறம் அனுப்பி வைக்கிறதா? மருமகனை உள்ள வரச் சொல்லு.”

அதிகாரி திரும்பி நின்றுகொண்டார். ஓட்டுநர் நிஜமாகவே வண்டியைப் பார்க்கப் போய்விட்டான். நான் வேலியைச் சுற்றி, கல்லுக்கு மேற்கே, ஜாம்பியாவில் நின்று கேமராவைத் தூக்கினேன். மாமியார் கல்லைவிட்டு இறங்கிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கல்மேல் கை வைத்தாள். மறு கையால் துணியை இறக்கினாள்.

என் மனைவி தவோங்காவின் முகம், வயதாகி. கன்னத்தில் அதே குழி. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, அழுகையும் வந்தது. அவள் கண்ணை இறக்கவில்லை. முதல் படம் கலங்கிப்போனது. திரும்ப எடுத்தேன்.

“காட்டு” என்றாள், நேராக என்னிடமே.

கேமராவைத் திருப்பி நீட்டினேன். தன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. படத்தின் மூலையில், வீட்டுக்குப் பின்னால் தெரிந்த மண்மேட்டின் மேல் விரலை வைத்தாள்.

“இது எந்தப் பக்கம்?”

“நம்ம பக்கம்தான், அம்மா.”

அந்த விரலை அவள் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு துணியை இழுத்து முகத்தை மூடி, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

“மகளே, மருமகன்கிட்ட சொல்லு. சீமா சோளக்களி கிண்டி வைக்கிறேன், சாப்பிட்டுட்டுத்தான் போகணும். நான் வீட்டுக்குப் பின்னால, அவர்கிட்ட இருக்கேன்.”