மூடக்கூடாத விண்டோ

ஆஸ்பத்திரியில் அவளைச் 'சர்வரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள், கேன்டீனில் பரிமாறுகிறவள் போலிருக்கிறது என்று நினைத்து அவளிடம் டீ கேட்டதும் உண்டு. உண்மையில் அவள் பார்த்துக்கொண்டது, எக்ஸ்ரே பிரிவுக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத அறையில் இருந்த லினக்ஸ் சர்வரை. நோயாளிகளின் படங்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டுகள் எல்லாம் அதற்குள்தான்.

அன்று காலை எக்ஸ்ரே டாக்டர் ஒரு புதிய நிரலைப் போட்டுத் தரச் சொன்னார். முறிந்த எலும்பைத் திரையில் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாமாம். போட்டாள். ஓடவில்லை. சர்வரில் இருக்கும் அடிப்படை லைப்ரரி பழசு, புதுப் பதிப்பு வேண்டும் என்று ஒரே வரி சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

எல்லா நிரல்களும் பொதுவில் பயன்படுத்தும் அந்த லைப்ரரி ஃபைல் லேசுப்பட்டதல்ல. சர்வரில் எந்த நிரல் எழுந்தாலும் முதலில் அதைத்தான் தேடும். புதியதைத் தனி ஃபோல்டரில் வைத்து, இந்த ஒரு நிரலுக்கு மட்டும் வழிகாட்டியிருக்கலாம். அவளுக்கும் அது தெரியும். ஆனால் டாக்டர் அரைமணிக்கொரு தரம் தலையை நீட்டி, "இன்னுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றேகால் மணிக்கு, பழைய லைப்ரரியைக் காட்டிக்கொண்டிருந்த இணைப்பைப் புதியதன் பக்கம் திருப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு எந்தக் கமாண்டும் ஓடவில்லை. ஃபைல்களைப் பட்டியலிடச் சொன்னாள், பிழை. நகலெடுக்கச் சொன்னாள், பிழை. இணைப்பைப் பழையபடி திருப்பலாம் என்றால், திருப்புகிற கமாண்டுக்கே அந்த லைப்ரரி வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவை ஓடின. புதிதாக எதுவும் தொடங்கவில்லை. அணைத்துப் போட்டால் சர்வர் மறுபடி எழுந்திருக்காது. எஞ்சியிருந்தது அவள் முன்னால் திறந்திருந்த, கமாண்டுகளை அடிக்கிற ஒரே ஒரு கறுப்பு விண்டோ. அதை மூடினால் யாராலும் உள்ளே நுழைய முடியாது. பத்து நிமிடம் எதுவும் அடிக்காமலிருந்தால் அது தானாகவே மூடிக்கொள்ளும். பாதுகாப்புக்காக அந்த விதியைப் போட்டதும் அவள்தான்.

அசைய முடியவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்டரைத் தட்டினாள். ஏசிக் குளிரிலும் முதுகு நனைந்தது. இரண்டு மணிக்கு நர்ஸுகள் ஷிஃப்ட் மாறுவார்கள். புதிதாக வருகிறவர்கள் லாகின் செய்வார்கள்.

இந்தச் சர்வரை முதலில் கட்டி நிறுத்தியவர் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர். அவள் அவரிடம்தான் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மீட்டிங்கில், எல்லார் முன்னிலையிலும், "இவர் எதையும் எழுதி வெக்கறதில்ல, எல்லாம் இவர் தலைக்குள்ளயே இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அதையே சாக்காக வைத்து நிர்வாக அதிகாரி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அக்கா பேசுவதில்லை. அத்தானின் நம்பரும் மாறிவிட்டது.

ஒன்று நாற்பதுக்கு அக்காவின் நம்பரை அழுத்தினாள்.

"யாரு செத்தா?" என்றாள் அக்கா.

"யாரும் சாகலக்கா. அத்தான் இருக்காரா?"

"எதுக்கு?"

"சர்வர் நின்னுடுச்சு. நான்தான் கெடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம். அதன் பிறகு அத்தானின் குரல்.

"என்ன பண்ணின?"

சொன்னாள். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"விண்டோவை மூடிட்டியா?"

"இல்ல அத்தான்."

"மூடிடாதே. புலிவாலப் புடிச்சிட்ட, இனி விடக்கூடாது. எக்கோன்னு அடி. ஒரு இடம் விட்டு லைப்ரரி ஃபோல்டரோட முழுப் பேரு, கடைசில ஒரு நட்சத்திரக் குறி. எக்கோவுக்கு யார் தயவும் வேணாம், அது விண்டோவுக்குள்ளயே இருக்கு."

அடித்தாள். நூற்றுக்கணக்கான ஃபைல் பெயர்கள் எறும்புப் புற்றைக் கலைத்தாற்போல் திரை முழுக்கப் பரவின. பழைய லைப்ரரியின் பெயரை அதற்குள் தேடினாள். கண் எரிந்தது. கதவைத் தட்டும் சத்தம்.

"சர்வரம்மா, லாகின் ஆக மாட்டேங்குது!"

"அஞ்சு நிமிஷம்!" என்று திரும்பாமலே கத்தினாள். "கிடைச்சுடுச்சு அத்தான். அழியல."

"நல்ல வேளை. இப்ப எஸ், எல், என்-னு மூணெழுத்துல ஒரு கமாண்ட் இருக்கான்னு பாரு. அதுக்கு அந்த லைப்ரரியே வேணாம், தனக்கு வேண்டியதையெல்லாம் வயித்துக்குள்ளயே வெச்சிருக்கும். பழைய பேரை முதல்ல அடி, இணைப்போட பேரை அடுத்தது. மாத்தி அடிச்சேன்னா என்னாலயும் காப்பாத்த முடியாது."

இருந்தது. எழுத்தெழுத்தாக அடித்து, அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அவர்தான் பிடித்தார். திருத்தினாள்.

"தட்டு" என்றார்.

தட்டினாள். ஒரு பிழையும் வரவில்லை. ஃபைல்களைப் பட்டியலிடச் சொன்னாள். சமர்த்தாகப் பட்டியலிட்டது.

"அன்னிக்கு மீட்டிங்ல நான்..."

"நீ சொன்னது பொய்யில்ல. ஆனா எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்" என்றார் அத்தான்.

பின்னால் அக்கா, "முடிஞ்சுதுல்ல? போனை வெக்கச் சொல்லுங்க" என்றாள்.

லைன் அறுந்தது.

புதிய லைப்ரரியை இந்தத் தடவை தனி ஃபோல்டரில் வைத்தாள். மூன்று மணிக்கு யாரோ ஒருவரின் முழங்கை எலும்பு திரையில் மெல்லத் திரும்பியது. டாக்டர், "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்றார். நான்கு மணிக்கு நிர்வாக அதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"முக்கால் மணி நேரம் ஏன் நின்னுச்சு?"

"என் தப்புதான் சார். அவசரத்துல லைப்ரரிய மாத்திட்டேன்."

"யாரு சரி பண்ணினது?"

"எங்க அத்தான். போன்ல சொல்லிக் குடுத்தார்."

அதிகாரி சிரித்தார். "அவரா? அவர் வேண்டாம்னு நீதானம்மா சொன்ன?"

இதே நாற்காலி எதிரே, இதே மாதிரி ஒரு சிரிப்புக்குத்தான், அத்தானை அனுப்பிவிட்டேன் என்று இவர் சொன்ன அன்று வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"நான் அப்படிச் சொல்லல சார்" என்றாள். "எழுதி வெக்கறதில்லன்னுதான் சொன்னேன். அனுப்பினது நீங்க."

சிரிப்பு நின்றது. அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

"போய் வேலையப் பாரு. இதப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாம்."

நாளைக்கு என்ன பேசுவார் என்று அவளுக்குத் தெரியும்; அத்தானை வீட்டுக்கு அனுப்பிய அதே பேச்சுதான். படியிறங்கி ஜன்னலில்லாத அறைக்குத் திரும்பிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அக்காவின் நம்பரை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். அழுத்தவில்லை.